பழைய மலை, பீங்கான் பொம்மை... வாங்க, விருத்தாசலம் போகலாம்!

லீவு விட்டாச்சு. "எங்கேயாவது கூட்டிக்கிட்டுப் போங்கப்பா" என்று வீட்டில் நச்சரிக்க ஆரம்பித்திருப்பீர்களே! ஊட்டியும் கொடைக்கானலும் எல்லாரும் போகிற இடங்கள். இந்த வாரம் உங்களை ஒரு வித்தியாசமான ஊருக்குக் கூட்டிப் போகிறோம். பெயரிலே மலை இருக்கிறது. ஊரிலே மலை இல்லை. ஆற்றில் போட்ட பொன்னைக் குளத்தில் எடுத்த கதை இருக்கிறது. சாமிக்கே புகார் மனு எழுதும் கோயில் இருக்கிறது. களிமண்ணைப் பளபளக்கும் பொம்மையாக மாற்றும் கைகள் இருக்கின்றன. இத்தனையும் ஒரே ஊரிலா? ஆமாம், கடலூர் மாவட்டத்தில் உள்ள விருத்தாசலம்தான் அது!

எப்படிப் போவது?

ரயிலில் போவதுதான் ஜாலி. சென்னை எழும்பூரிலிருந்து விழுப்புரம் வழியாகத் திருச்சிக்குப் போகும் பாதையில், சுமார் 215 கிலோமீட்டரில் விருத்தாசலம் சந்திப்பு வந்துவிடும். 'சந்திப்பு' என்று ஏன் சொல்கிறோம்? இங்கே பாதைகள் பிரிகின்றன. மேற்கே சின்னசேலம், ஆத்தூர் வழியாகச் சேலத்துக்கு ஒரு பாதை. கிழக்கே நெய்வேலி வழியாகக் கடலூருக்கு ஒரு பாதை. நடைமேடையில் இறங்கியதும் நான்கு திசைகளையும் காட்டி, "இது எந்த ஊருக்குப் போகிறது?" என்று தம்பி, தங்கையிடம் கேட்டுப் பாருங்கள்.

மலையைக் காணோமே!

'விருத்தம்' என்றால் பழமை. 'அசலம்' என்றால் அசையாதது, அதாவது மலை. இரண்டும் சேர்ந்து விருத்தாசலம். தமிழில் பழமலை என்றும் திருமுதுகுன்றம் என்றும் சொல்வார்கள். மூன்று பெயருக்கும் பொருள் ஒன்றுதான்: பழைய மலை.

ஆனால், ஊரைச் சுற்றி எங்கே தேடினாலும் மலை கண்ணில் படாது! "அந்த மலை பூமிக்குள்ளே அமிழ்ந்துவிட்டது, அதன்மேல்தான் கோயில் நிற்கிறது" என்பது ஊர்க்கதை. பெரியவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள், இன்னும் விரிவாகச் சொல்வார்கள்.

எல்லாமே ஐந்து!

ஊரின் நடுவே இருப்பது விருத்தகிரீஸ்வரர் கோயில். பழமலைநாதர் கோயில் என்றும் சொல்வார்கள். உள்ளே போவதற்கு முன் விரல்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இங்கே எதை எண்ணினாலும் ஐந்து என்பார்கள். கோபுரம் ஐந்து, பிராகாரம் ஐந்து, கொடிமரம் ஐந்து, நந்தி ஐந்து, தேர் ஐந்து, தீர்த்தம் ஐந்து. நான்கு திசைக்கு நான்கு ஏழுநிலைக் கோபுரங்கள்; ஐந்தாவதுக்குக் கண்டராதித்தன் கோபுரம் என்று பெயர்.

யார் இந்தக் கண்டராதித்தர்? சோழ அரசர். அவருடைய மனைவி செம்பியன் மாதேவி. செங்கல்லால் கட்டப்பட்டிருந்த பல கோயில்களைக் கருங்கல்லால் எடுத்துக் கட்டியவர் அவர். பத்தாம் நூற்றாண்டில் இந்தக் கோயிலையும் கல்லால் கட்டுவித்தார். ஆயிரம் ஆண்டு தாண்டியும் அந்தக் கல் நிற்கிறது!

கோபுர வாசலில் நுழையும்போது அவசரப்படாதீர்கள். இரண்டு பக்கச் சுவரையும் நிமிர்ந்து பாருங்கள். சின்னச் சின்னச் சதுரங்களுக்குள் ஆடும் உருவங்கள் தெரியும். அவை பரத நாட்டியத்தின் கரணங்கள். ஒருவர் காலைத் தலைக்கு மேலே தூக்கியிருப்பார். ஒருவர் வளைந்து வில்லாகியிருப்பார். இதுபோன்ற கரணச் சிற்பங்கள் சிதம்பரம், தஞ்சாவூர், கும்பகோணம், திருவண்ணாமலை என்று மிகச் சில ஊர்க் கோயில்களில்தான் உள்ளன. பரதம் கற்கும் அக்காக்கள் இருந்தால் கையோடு அழைத்துப் போங்கள்!

அடுத்து, ஆழத்துப் பிள்ளையார். மற்ற ஊர்களில் பிள்ளையாரை மலையேறிப் பார்ப்போம். இங்கே படி இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும். தரைமட்டத்துக்குக் கீழே, ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறார். அதனால்தான் அந்தப் பெயர்.

ஆற்றில் போட்டு, குளத்தில் எடுத்து...

'ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுகிறான்' என்று கேலி செய்வார்களே, கேட்டிருக்கிறீர்களா? அதற்கு இந்த ஊரில் ஒரு கதை உண்டு.

சுந்தரர் என்ற அடியாருக்கு இங்கே 12 ஆயிரம் பொன் கிடைத்ததாம். அவ்வளவையும் தூக்கிக்கொண்டு திருவாரூர் வரை போவது எப்படி? சாலை வழியில் நூறு கிலோமீட்டருக்கும் அதிகம். வழியில் கள்வர் பயம் வேறு. "மணிமுத்தாற்றில் போடு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்" என்றாராம் சிவபெருமான். சுந்தரர் அப்படியே செய்தார். ஆனால், போடுவதற்கு முன் ஒரு காரியம் செய்தார். பொன்னில் ஒரு துண்டை வெட்டி மாதிரிக்குக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு குளத்தில் எடுத்த பொன்னை அந்தத் துண்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார் என்று புராணம் சொல்கிறது. கோயிலில் 'மாற்றுரைத்த பிள்ளையார்' இருக்கிறார். மாற்று உரைப்பது என்றால் பொன்னின் தரத்தை உரசிப் பார்ப்பது. மாதிரி எடுத்துச் சோதிக்கும் வேலையை இன்றைக்கு ஆய்வுக்கூடங்களில் செய்கிறார்கள். அந்த யோசனை நம் பழைய கதையிலேயே இருப்பதைக் கவனித்தீர்களா?

கதையில் வரும் ஆறு, கோயில் பக்கத்திலேயே ஓடும் மணிமுத்தாறு. மணிமுக்தா என்றும் சொல்வார்கள். கல்வராயன் மலையில் பிறந்து, கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கிறது. வருடம் முழுவதும் தண்ணீர் ஓடும் ஆறு அல்ல. மழைக்காலத்தில் போனால் தண்ணீர் பார்க்கலாம்; கோடையில் மணலைத்தான் பார்க்கலாம். மாசி மாதம் வரும் மாசி மகத் திருவிழாவுக்கு ஊரே ஆற்றங்கரையில் கூடிவிடும். அந்தச் சமயத்தில் போகிறவர்கள் அப்பா, அம்மா கையை விடவே கூடாது!

கோயிலா, கோட்டையா?

இவ்வளவு உயரமான மதிலைப் பார்த்தால் கோட்டை நினைவுக்கு வருகிறதல்லவா? ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தமிழ் மண்ணில் சண்டை போட்ட 18ஆம் நூற்றாண்டில், படைகள் இதை அப்படித்தான் பயன்படுத்தின. 1751ஆம் ஆண்டு ராபர்ட் கிளைவ் விருத்தாசலம் வந்துவிட்டுத் திரும்பும் வழியில் பாளையக்காரரின் ஆட்கள் வளைத்துக்கொண்டார்கள். குதிரையின் வேகத்தால்தான் அவர் உயிர் தப்பினார். அன்று குதிரை தடுக்கி விழுந்திருந்தால், இந்திய வரலாற்றுப் பாடம் வேறு மாதிரி இருந்திருக்குமோ!

சாமிக்கு ஒரு புகார் மனு

ஊரிலிருந்து இரண்டு, மூன்று கிலோமீட்டர் மேற்கே போனால் மணவாளநல்லூர். அங்கே இருக்கிறது கொளஞ்சியப்பர் கோயில். கொளஞ்சி என்பது ஒரு செடி. அந்தப் புதருக்குள் இருந்த ஒரு கல்மேல் பசு ஒன்று தினமும் பால் சொரிந்ததாம். அந்தக் கல்லைத்தான் முருகனாக வணங்குகிறார்கள். கை, கால், முகம் எதுவும் இல்லாத முருகன்!

இங்கே 'பிராது கட்டுவது' என்று ஒரு வழக்கம். பிராது என்றால் புகார். "என் மாட்டைக் காணோம்", "கொடுத்த கடன் திரும்பி வரவில்லை" என்று குறையைத் தாளில் எழுதிக் கட்டிவிடுவார்கள். குறை தீர்ந்ததும் மறுபடி வந்து, பிராதை 'வாபஸ்' வாங்க வேண்டும். பார்ப்பதற்கு ஒரு நீதிமன்றம் போலவே இருக்கும்! "கணக்கு வாத்தியார் மேலே பிராது கட்டலாமா?" என்று யாரோ முணுமுணுப்பது கேட்கிறது... வேண்டாம் குட்டீஸ், வாத்தியாரும் உங்கள் மேல் கட்டிவிடப் போகிறார்!

இந்த வட்டாரத்தில் கொளஞ்சி, கொளஞ்சியப்பன், கொளஞ்சியம்மாள் என்று பெயர் வைப்பது அதிகம். அந்தப் பெயரில் யாராவது உங்கள் வகுப்பில் இருந்தால், எந்த ஊர் என்று கேட்டுப் பாருங்கள்.

களிமண் பீங்கான் ஆகும் மாயம்

இனி இந்த ஊரின் ஹீரோவைப் பார்ப்போம். 'செராமிக்' என்று சொன்னாலே தமிழ்நாட்டில் பலருக்கும் விருத்தாசலம்தான் நினைவுக்கு வரும். இங்கே செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது. செராமிக் தொழில்நுட்பத்தை டிப்ளமோ படிப்பாகவே சொல்லிக் கொடுக்கும் அரசுக் கல்லூரியும் இருக்கிறது. பிள்ளையார் பொம்மை, அகல் விளக்கு, ஜாடி, மின்சாரப் பெட்டியில் இருக்கும் வெள்ளை பியூஸ் கட்டை என்று பல பொருட்கள் இங்கே செய்யப்பட்டு ஊர் ஊராகப் போயிருக்கின்றன. கார்த்திகை தீபம் நெருங்கினால் அகல் விளக்கு வேலை மும்முரமாகிவிடும்.

பீங்கான் எப்படிப் பிறக்கிறது? படிப்படியாகப் பார்க்கலாம்.

1. மூன்று பொருட்கள் வேண்டும். வெள்ளைக் களிமண், பெல்ஸ்பார் என்ற கல், குவார்ட்ஸ் என்ற கல். களிமண் உருவம் கொடுக்கும். குவார்ட்ஸ் எலும்பு போல நின்று, பொம்மை சரியாமல் தாங்கும். பெல்ஸ்பார் சூட்டில் உருகிப் பசை போல எல்லாவற்றையும் ஒட்டும்.

2. உருளும் பெரிய டிரம்மில் கூழாங்கற்களோடு போட்டு, தண்ணீர் விட்டு அரைப்பார்கள். அதன் பெயர் பால் மில். பசும்பால் இல்லை குட்டீஸ், இது பந்து என்ற பொருளில் வரும் 'பால்'! நம் வீட்டு கிரைண்டரின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரைத்ததைச் சலித்தால் இட்லி மாவு போல வழவழப்பான கூழ் கிடைக்கும்.

3. அந்தக் கூழைப் பிளாஸ்டர் ஆப் பாரிஸ் அச்சுக்குள் ஊற்றுவார்கள். அச்சு, தண்ணீரை உறிஞ்சும். அதனால் அச்சின் உள்சுவரை ஒட்டி ஓர் அடுக்கு கெட்டியாகும். போதுமான தடிமன் வந்ததும் மீதிக் கூழைக் கவிழ்த்துக் கொட்டிவிடுவார்கள். பொம்மையின் வயிறு காலியாக இருக்கும் ரகசியம் இதுதான்!

4. அச்சைப் பிரித்து, பொம்மையை எடுத்து, ஓரங்களில் தெரியும் ஒட்டுக்கோட்டைக் கத்தியாலும் ஈரப் பஞ்சாலும் நீக்குவார்கள். இந்த நிலையில் அதற்குப் பலமே கிடையாது. விரல் கொஞ்சம் அழுத்தினாலும் மூக்கு நசுங்கிவிடும். இங்குதான் கைப்பழக்கம் வேண்டும்.

5. நன்றாக உலர்த்தி, சூளையில் சுடுவார்கள். பிறகு 'கிளேஸ்' என்ற கரைசலில் முக்கி மறுபடி சுடுவார்கள். கிளேஸ் உருகிக் கண்ணாடி மாதிரி மூடிக்கொள்ளும். அந்தப் பளபளப்பு அதனால்தான்.

பீங்கான் சூளையின் சூடு 1,200 டிகிரி செல்சியஸைத் தாண்டும். தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். வெள்ளி உருகுவது 962 டிகிரியில். தங்கம் உருகுவது 1,064 டிகிரியில். தங்கமே தண்ணீராகிவிடும் சூட்டில், களிமண் மட்டும் கல்லாகி வெளியே வருகிறது! ஆனால், உலரும்போதும் வேகும்போதும் பொம்மை சுருங்கும். அதனால் எவ்வளவு சுருங்கும் என்று கணக்குப் போட்டு, அச்சைப் பெரிதாகவே செய்வார்கள். சதவீதக் கணக்கு எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான்!

பீங்கானின் ரகசியம் முதலில் சீனர்களிடம்தான் இருந்தது. நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஐரோப்பியர் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். 1710ஆம் ஆண்டுதான் ஜெர்மனியின் மெய்சன் நகரில் ஆலை தொடங்க முடிந்தது. நம் வீட்டில் சாதாரணமாக டீ குடிக்கும் கோப்பை, ஒரு காலத்தில் ராஜாக்களின் பொக்கிஷம்!

மண் எங்கிருந்து வருகிறது?

பக்கத்திலேயே நெய்வேலி இருக்கிறது. ரயிலில் கொஞ்ச நேரம்தான். அங்கே பூமிக்குள் இருக்கும் பழுப்பு நிலக்கரியை எடுக்க மேல் மண்ணை அகற்றும்போது, வெள்ளைக் களிமண்ணும் கிடைத்தது. நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது 1956ஆம் ஆண்டு நவம்பர் 14. என்ன நாள்? கரெக்ட், குழந்தைகள் தினம்! சுரங்கத்துக்குள் அனுமதி இல்லாமல் போக முடியாது. பள்ளியிலிருந்து கேட்டு அனுமதி வாங்கினால், வீடு உயரத்துக்கும் மேலான ராட்சத இயந்திரங்கள் மண்ணை வாரும் காட்சியைப் பார்க்கலாம்.

வி.ஆர்.ஐ. என்றால் என்ன?

ஒரு புதிர். விருத்தாசலம் ரயில் நிலையத்துக்கு ரயில்வே கொடுத்த சுருக்கக் குறியீடு 'வி.ஆர்.ஐ.' அதே மூன்று எழுத்தில் ஒரு நிலக்கடலையும் இருக்கிறது! தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இங்கே உள்ளது. இங்கே உருவாக்கிய நிலக்கடலை, முந்திரி ரகங்களுக்கு வி.ஆர்.ஐ. என்றே பெயர் சூட்டி, வரிசை எண் போடுகிறார்கள். நிலக்கடலையின் பூ செடியின் மேலே பூக்கும். காய் மண்ணுக்குள்ளே காய்க்கும். எப்படி? பூ வாடியதும் ஒரு காம்பு கீழே நீண்டு, மண்ணைத் துளைத்து உள்ளே போகும். அதன் நுனியில்தான் கடலை! அந்தப் பக்கம் கடலைக் கொல்லையைப் பார்த்தால், விவசாயியிடம் கேட்டு ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள்.

முனிவர் கொடுத்த கூலி

கோயிலில் ஒரு வன்னி மரம் இருக்கிறது. அதைப் பற்றியும் ஒரு கதை. விபசித்து என்ற முனிவர் கோயில் திருப்பணி செய்தாராம். வேலை செய்தவர்களுக்குக் கூலி கொடுக்க அவரிடம் காசு இல்லை. சாயங்காலம் வன்னி இலைகளை எடுத்துக் கொடுப்பாராம். அவரவர் எவ்வளவு உழைத்தார்களோ, அந்த அளவுக்கு இலை பொன்னாக மாறுமாம். அதிகம் உழைத்தவருக்கு அதிகம். சோம்பேறிக்கு வெறும் இலை!

இப்போது யோசித்துப் பாருங்கள். ஓர் அகல் விளக்கு உங்கள் கைக்கு வரும்முன் எத்தனை பேர் கையைத் தாண்டுகிறது? மண் அரைத்தவர், அச்சு வைத்தவர், ஓரம் தேய்த்தவர், சூளைக்கு அடுக்கியவர், சூடு பார்த்தவர், வைக்கோல் சுற்றிக் கட்டியவர், கடையில் விற்றவர். அந்தக் கல் தூளை நாள்தோறும் சுவாசித்தால் நுரையீரல் கெடும். அதனால் தூசியை வடிகட்டும் முகக்கவசம் போட்டுக்கொண்டு வேலை பார்க்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு, நாம் கடையில் நின்று, "ரெண்டு ரூபாய் குறைச்சுக் கொடுங்க" என்கிறோம்!

தொழிலும் முன்போல் இல்லை. வீடுகளில் பியூஸ் கட்டைக்குப் பதில் தானாக அணையும் சுவிட்சுகள் வந்துவிட்டன. ஊறுகாய் ஜாடியின் இடத்தைப் பிளாஸ்டிக் டப்பா பிடித்துவிட்டது. பெரிய இயந்திரங்களில் லட்சக்கணக்கில் செய்த பொருட்கள் வெளியிலிருந்து குறைந்த விலைக்கு வருகின்றன. வேலை குறைந்து மூடப்பட்ட கூடங்களும் உண்டு. கைப்பழக்கம் புத்தகத்தில் இருக்காது குட்டீஸ். பார்த்துப் பார்த்துத்தான் வரும். கற்றுக்கொள்ள ஆள் இல்லாவிட்டால், அது அந்தத் தலைமுறையோடு போய்விடும்.

அதேசமயம், செராமிக் பழைய காலத்துப் பொருள் மட்டும் அல்ல. 1981 முதல் 2011 வரை பறந்த அமெரிக்காவின் விண்வெளி ஓடங்கள், பூமிக்குத் திரும்பும்போது எரியாமல் காத்தவை 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட செராமிக் ஓடுகள்தான். செயற்கைப் பல், செயற்கை மூட்டு என்று மருத்துவத்திலும் செராமிக் இருக்கிறது. நாளைக்கு உங்களில் ஒருவர் இந்தப் படிப்பைப் படித்து, விருத்தாசலத்துச் சூளையில் புதுமை செய்யலாமே!

வீட்டிலேயே செய்து பாருங்கள்

ஒரு மண் அகல் விளக்கு, ஒரு பீங்கான் கோப்பை. இரண்டையும் நன்றாகக் காய வைத்து, ஆளுக்கொரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மண் விளக்கு தண்ணீரைக் குடித்துவிடும். பீங்கானில் சொட்டு அப்படியே நிற்கும். இப்போது கோப்பையைக் கவிழ்த்து, அடிப்பக்க வளையத்தைத் தடவுங்கள். சொரசொரப்பாக இருக்கிறதா? சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று அங்கே மட்டும் கிளேஸ் பூசுவதில்லை. (பியூஸ் கட்டையைத் தொட்டுப் பார்க்கும் ஆராய்ச்சி மட்டும் கூடவே கூடாது!)

போகும்முன் கவனிக்க...

* கோயிலைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள். வெயிலில் கல் தரை காலைச் சுடும்.

* தொழிற்பேட்டை சுற்றுலாத்தலம் அல்ல. வேலை நடக்கும் இடம். முன்கூட்டியே கேட்டு, பெரியவர்களோடு போங்கள். ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். சூளை பக்கம் ஓடாதீர்கள். காயாத பொம்மையைத் தொடாதீர்கள்.

* இன்னும் நேரம் இருந்தால், சுமார் 20 கிலோமீட்டரில் ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி கோயில். அங்குள்ள மண்டபத் தூண்களின் நுணுக்கமான சிற்பங்களைப் பார்க்கத் தவறாதீர்கள்.

* தண்ணீர் பாட்டில், தொப்பி, ஒரு சின்ன நோட்டு. எண்ணியதையெல்லாம் குறிக்க வேண்டாமா?

திரும்பும்போது கை வீசி வராதீர்கள். ஒரு பொம்மையோ, நான்கு விளக்கோ வாங்குங்கள். செய்தவரே அங்கே இருந்தால், "இதை எப்படிச் செஞ்சீங்க அண்ணே? எவ்வளவு நாளாச்சு அக்கா?" என்று கேளுங்கள். சந்தோஷமாகச் சொல்வார்கள். அந்த விளக்கைக் கார்த்திகைக்கு ஏற்றும்போது, அதைச் செய்த கை யாருடையது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

சரி, கடைசியாக மூன்று கேள்விகள். விடையைப் பார்க்காமல் சொல்லுங்கள் பார்ப்போம்!

1. பொம்மையின் வயிறு காலியாக இருப்பது ஏன்?
2. சுந்தரர் பொன்னை ஆற்றில் போடும்முன் என்ன செய்தார்?
3. ஐந்தாவது கோபுரத்தின் பெயர் என்ன?

விடைகள்: 1. அச்சின் ஓரத்தில் அடுக்கு கெட்டியானதும் மீதிக் கூழைக் கொட்டிவிடுவதால். 2. மாதிரிக்கு ஒரு துண்டு எடுத்து வைத்துக்கொண்டார். 3. கண்டராதித்தன் கோபுரம்.